கடையில் ஸ்டூல் இருக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை

ரெண்டாம்மாடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தெற்குப் பக்கம் ஒரு பெரிய ஊரில், நாலு மாடித் துணிக்கடையில், சேலை செக்‌ஷனில் இருக்கிறேன். கடை பெயர் கேட்காதீர்கள்.

துணிக்கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது நினைவிருக்கும். எங்கள் கடையிலும் பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினார்கள். கவுண்டருக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் போட்டு, எங்களை உட்காரச் சொல்லி, போட்டோவும் எடுத்தார்கள். இப்போது அந்த ஸ்டூல் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஸ்டாக் ரூமில் கிடக்கிறது. மேல் தட்டில் இருக்கும் சேலைக் கட்டை எடுக்க ஏறி நிற்பதற்கு மட்டும் வெளியே வரும். ஆக அதிலும் நிற்கத்தான் செய்கிறோம்.

உட்காரக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மதியம் மூன்று மணிக்கு மாடியே காலியாக இருக்கும். கால் கடுக்கிறதே என்று சேலை மடிக்கிற மேடை ஓரத்தில் லேசாகச் சாய்ந்தால் போதும், மைக்கில் குரல் வரும். "செகண்ட் ஃப்ளோர், கஸ்டமர் அட்டெண்ட் பண்ணுங்க." கஸ்டமரே இருக்க மாட்டார். யாரைச் சொல்கிறார் என்று மற்ற கவுண்டர்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்ப்பார்கள். சாய்ந்தவள் நிமிர்ந்துவிடுவாள். அதே மாடியில் பில்லிங்கில் இருக்கும் தம்பிக்கு மட்டும் சுழலும் நாற்காலி உண்டு, அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

கேள்வி இதுதான். சட்டப்படி ஸ்டூல் கொடுத்தாயிற்று. உட்கார விடாமல் பார்வையாலும் மைக்காலும் விரட்டுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது, யாரிடம் போய்ச் சொல்வது? பேசினால் "உனக்கு மட்டும் என்ன நோவு" என்கிறார்கள். என்னுடன் இருக்கும் அக்காவுக்கு வயது 50-ஐத் தொடுகிறது, முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும். அவரைப் போய் இருபத்தைந்து வயது சூப்பர்வைசர் "ஏ, இங்க வா" என்று கூப்பிடுகிறான். ஸ்டூலை விட எனக்கு அதுதான் அதிகம் எரிகிறது.


மனுஎழுதி எழுதியது:

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் அப்புறம் சண்டை போடலாம்.

1947-ஆம் வருடத்து தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டசபையில் மசோதாவைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளவும், வேலை நேரம் முழுக்கக் கால்கடுக்க நிற்பதைத் தவிர்க்கவும்தான் அந்த வசதி. ஸ்டூல் எதற்காக என்பதும் பிரிவுக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். அதனால் ஸ்டாக் ரூமில் அடுக்கி வைத்த ஸ்டூல் சட்டப்படியான ஸ்டூல் ஆகாது என்று தாராளமாக வாதிடலாம்.

இன்னொரு சங்கதி. தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு அப்போதே சொல்லிவிட்டது. கடையில் நிற்கிறவர்களுக்கு அது வந்துசேர 73 வருடம் ஆயிற்று. மெஷின் முன்னால் நிற்பவருக்குக் கால் வலிக்கும், சேலை முன்னால் நிற்பவருக்கு வலிக்காது என்று நினைத்தார்களோ என்னவோ.


கல்லாப்பெட்டி எழுதியது:

நான் கடைக்காரன். திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள். பெரிய கடை இல்லை, ஆறு பேர் வேலை பார்க்கும் ரெடிமேட் கடை. வாடகை, கரண்ட் பில், ஜிஎஸ்டி, போதாததற்கு வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆன்லைன்காரன். ஒரு குடும்பம் உள்ளே நுழையும்போது பையன் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தால் "சும்மா பார்க்க வந்தோம்" என்று அப்படியே திரும்பிவிடுகிறார்கள். கண்ணால் பார்த்தது. கஸ்டமர் எதிர்பார்ப்பது சுறுசுறுப்பு. உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. நானும்தான் காலையில் ஷட்டர் தூக்கியதிலிருந்து ராத்திரி வரை நிற்கிறேன்.


தூத்துக்குடிமச்சான் எழுதியது:

> நானும்தான் நிற்கிறேன்

அண்ணாச்சி, நீங்கள் உங்கள் கல்லாவுக்காக நிற்கிறீர்கள்.


பட்டுப்பாவு எழுதியது:

கஸ்டமருக்கு மரியாதைக் குறைவு என்று கல்லாப்பெட்டி சொன்னதற்குப் பதில். எங்கள் ஊர் காஞ்சிபுரம். பழைய பட்டுக் கடைகளைப் பார்த்திருக்கிறீர்களா? தரையிலோ தாழ்வான மேடையிலோ மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு. வாங்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருவார்கள், விற்கிறவரும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். அப்படியே உட்கார்ந்தபடி முந்தானையை விசிறி விரிப்பார் பாருங்கள், அதற்கே ஒரு கை வேண்டும். கல்யாணப் பட்டே அப்படித்தான் எடுத்தோம். விற்பவர் உட்கார்ந்திருக்கிறாரே என்று எந்தச் சம்பந்தியும் கோபித்துக்கொண்டு எழுந்து போனதில்லை.

கண்ணாடி ஷோரூம் வந்தபோதுதான் வாங்குகிறவருக்கு நாற்காலி, காட்டுகிறவருக்கு நிற்கிற தண்டனை என்று ஆனது. இதை ஏதோ ஆதிகாலத்து வழக்கம் மாதிரி பேசாதீர்கள்.


கோழிக்கோட்டுத்தமிழன் எழுதியது:

தமிழ்நாட்டுக்கு முன்னாலேயே கேரளாவில் இது வந்துவிட்டது, 2018-இல். அது தானாக வரவில்லை. நான் இருக்கும் கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி, உங்கள் ரங்கநாதன் தெரு மாதிரி நெருக்கம். அங்கே தையல் வேலை பார்த்த விஜி என்பவர் கடைப் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று ஒரு அமைப்பு தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. பல கட்டடங்களில் கடைப் பெண்களுக்குக் கழிப்பறையே கிடையாது, அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் 'இருக்கும் உரிமை', அதாவது உட்காரும் உரிமை. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய துணிக்கடைப் பெண்கள் வாசலில் உட்கார்ந்து நடத்திய போராட்டம் நூறு நாளுக்கு மேல் போனது. பிபிசி 2018-இல் வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் விஜியும் இருந்தார்.

சட்டம் வந்தபின் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இங்கேயும் ஸ்டூலை ஒளித்துவைக்கிற கடைகள் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம், கேட்கிறவளுக்குப் பின்னால் ஒரு சங்கத்தின் பெயர் இருக்கிறது. ரெண்டாம்மாடி, உங்கள் கடையில் எத்தனை பேர்? நீங்கள் ஒரு ஆளாகக் கேட்டால் அது உங்கள் முழங்கால் வலி, அவ்வளவுதான்.


முன்னாள்ஃப்ளோர் எழுதியது:

அந்த மைக்குக்குப் பின்னால் இருக்கிற ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். சென்னையில் இரண்டு கடைகளில் ஃப்ளோர் பார்த்தவன், இப்போது அந்தத் தொழிலில் இல்லை.

கேமரா பதிவைத் திருட்டைப் பிடிக்க மட்டும் பார்ப்பதில்லை. முதலாளி வீட்டில் இருந்தபடியே போனில் பார்ப்பார். திடீரென்று அழைப்பு வரும்: "மூணாவது கேமராவுல ஒரு பொண்ணு சாஞ்சுக்கிட்டு நிக்குது, நீ என்ன பண்ற?" அவ்வளவுதான். ஃப்ளோர் மேனேஜர் அந்தப் பெண்ணிடம் நடந்து போய் மெதுவாகச் சொல்லலாம். மைக்கில் சொன்னால் முதலாளி காதில் விழும், தான் விறைப்பாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளலாம். ஆக அந்த அறிவிப்பு சேல்ஸ் பெண்ணுக்காகப் போடுவதே இல்லை, மேலே பார்த்துக்கொண்டிருப்பவருக்காகப் போடுவது. சந்தி சிரிப்பது மட்டும் அந்தப் பெண்.

அப்புறம் மாடிக்கு மாடி டார்கெட். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் எகிறும். மாடி டார்கெட் விழுந்தால் இன்சென்டிவ் போவது ஃப்ளோர் மேனேஜருக்கு. அவருக்கு ஆள் நிர்வாகம் என்று யாரும் எதுவும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். அநேகமாக அவரே சேல்ஸில் நின்று மேலே வந்தவராக இருப்பார், தன்னை எப்படி ஏசினார்களோ அந்த வாய் அப்படியே வந்துவிடும். மாமியார் கதை. இதை எல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. நீங்கள் புகார் கொடுத்து அந்த ஃப்ளோர் மேனேஜரை மாற்றினால் அடுத்து வருகிறவரும் மைக்கை எடுப்பார் என்பதற்காகச் சொல்கிறேன். போனில் பார்க்கிற ஆள் வரைக்கும் கேள்வி போக வேண்டும்.


ரெண்டாம்மாடி எழுதியது:

முன்னாள்ஃப்ளோர் சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் ஆளுக்கும் போன் வந்த கையோடுதான் மைக் வரும், நாங்களே கவனித்திருக்கிறோம்.

கோழிக்கோட்டுத்தமிழன், மாடிக்கு முப்பது பேருக்குக் குறையாது. பாதிப்பேர் கடை ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகள், தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வேலையை விட்டால் அன்று ராத்திரி படுக்க இடம் இல்லை. அவர்களை எப்படிக் கையெழுத்துப் போடச் சொல்வது?

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். இரவு கடை மூடியதும் பை சோதனை. திருட்டு நடக்கிறது, சோதிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கஸ்டமர் இறங்கும் மெயின் படிக்கட்டுக்குக் கீழேயே வரிசையில் நிற்க வைத்து, டிபன் பாக்ஸைத் திறந்து, பைக்குள் கைவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடுகிறார்கள். மாதவிடாய் நாப்கினையும் சேர்த்துத்தான். கடைசி கஸ்டமர்கள் பார்த்துக்கொண்டே போவார்கள். அதே நேரத்தில் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் பக்கத்து வாசல் வழியாகப் பையோடு போய்விடுவார்கள். எல்லோர் பையையும் பார்த்தால் நான் ஏன் வாய் திறக்கப் போகிறேன்?

ஃபைன் வேறு. பத்து நிமிடம் தாமதம் என்றால் அரை நாள் சம்பளம். தலையில் பூ இல்லை என்றால் 50 ரூபாய். பில் போடும்போது விலை ஸ்டிக்கர் மாறியிருந்தால் வித்தியாசத் தொகை செக்‌ஷனில் இருக்கிற எல்லோர் தலையிலும்.


மனுஎழுதி எழுதியது:

ஃபைன் விஷயத்தில் உங்கள் கடைக்காரர் ஆழமாகவே மாட்டிக்கொள்வார், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

2019-இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. கடை, கம்பெனி, எல்லாவற்றுக்கும் பொருந்தும். எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அனுமதி வாங்கி, அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும். மனதில் தோன்றியதற்கெல்லாம் போட முடியாது. போடும் முன் அந்த ஆள் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஒரு சம்பள காலத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தவணையில் பிடிக்கக் கூடாது, தவறு நடந்த நாளிலிருந்து 90 நாள் கழித்துப் பிடிக்கக் கூடாது. பிடித்த பணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், அது பணியாளர்களின் நன்மைக்குத்தான் செலவாக வேண்டும், கல்லாவில் சேராது. பழைய 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் ஏறக்குறைய இதேதான் இருந்தது, ஒன்றும் புதுசு இல்லை.

தாமதத்துக்கு அரை நாள் வெட்டு: வேலைக்கு வராத நேரத்துக்கு எவ்வளவோ அவ்வளவுதான் பிடிக்கலாம். பத்து நிமிடத்துக்குப் பத்து நிமிடச் சம்பளம். ஸ்டிக்கர் மாறியதை எல்லோர் தலையிலும் போடுவது: நஷ்டம் அந்தக் குறிப்பிட்ட ஆளின் கவனக்குறைவால் நேரடியாக வந்தது என்று காட்டினால்தான் அவரிடம் பிடிக்க முடியும், அதுவும் அவர் பதில் சொன்ன பிறகு.

கழிப்பறை, பை சோதனை இதெல்லாம் பெண் பாதுகாப்போடும் சேர்ந்தது. உங்கள் கடையில் பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் 2013 சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள் குழு கட்டாயம் இருக்க வேண்டும். தொடுகிற மாதிரியோ கொச்சையாகவோ ஏதாவது நடந்தால் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள். பை சோதனையை ஆண் செய்கிறாரா, பெண் செய்கிறாரா?


ரெண்டாம்மாடி எழுதியது:

பெண் செக்யூரிட்டிதான். அவர் நல்லவர், பாவம், அவர் பையையும் ஒருவர் சோதிக்கிறார்.


மனிதவளக்காரி எழுதியது:

நான் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் ஹெச்ஆர். வழக்கம்போல எங்களைத் திட்டுவீர்கள், பரவாயில்லை. ரெண்டாம்மாடி "எல்லோர் பையையும் பார்த்தால் வாய் திறக்க மாட்டேன்" என்றார் பாருங்கள், அதை வைத்தே ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

ஜெரால்டு கிரீன்பெர்க் என்பவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் மூன்று ஆலைகள். ஆர்டர் போய்விட்டதால் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்கு 15 சதவீதம் சம்பள வெட்டு. ஓர் ஆலையில் தலைமை அதிகாரியே வந்து, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, ஏன் வெட்டு, யாரையும் வேலையை விட்டு அனுப்பாமல் இருக்க வேறு வழி ஏன் இல்லை என்று கணக்கைக் காட்டி, வருத்தம் சொல்லி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதில் வெட்டே இல்லை. வெட்டு நடந்த இரண்டிலும் பொருள் திருட்டு கூடியது. ஆனால் கால் மணி நேர ஆலையில் கூடியது மிக அதிகம், வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். சம்பளம் பழையபடி வந்ததும் திருட்டும் இறங்கிவிட்டது.

மேலாண்மைப் படிப்பில் இதைத் தனி வகையாகவே பிரித்துப் படிப்போம். எவ்வளவு கிடைத்தது என்பது ஒரு நியாயம், எந்த முறையில் முடிவெடுத்தார்கள் என்பது ஒரு நியாயம், முடிவைச் சொல்லும்போது ஆளை எப்படி நடத்தினார்கள் என்பது இன்னொரு நியாயம். மூன்றாவதுக்குச் செலவே இல்லை. ஆனால் ஆட்கள் அதைத்தான் கடைசி வரை மறக்காமல் வைத்திருக்கிறார்கள். மெயின் படிக்கட்டுக்குக் கீழே வரிசை நிறுத்திப் பை சோதிக்கிற கடையில் திருட்டு குறையாது என்று நான் பந்தயமே கட்டுவேன்.


தூத்துக்குடிமச்சான் எழுதியது:

ஆக ஒன்றரை மணி நேரம் இனிக்க இனிக்கப் பேசிவிட்டுச் சம்பளத்தை வெட்டலாம், திருட மாட்டார்கள் என்று முதலாளிகளுக்கு வழி சொல்லிக் கொடுக்கிறீர்கள். எங்கள் ஹெச்ஆரும் வருடா வருடம் இன்கிரிமென்ட் இல்லை என்பதைக் கேக் வெட்டித்தான் சொல்கிறார்.


மனிதவளக்காரி எழுதியது:

கேக் விஷயம் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் சொல்கிற ஆபத்து உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆலையில் சொன்ன காரணம் பொய் இல்லை, கணக்கைக் காட்டினார்கள், வெட்டு எப்போது முடியும் என்று சொன்னார்கள், முடிந்தது. வருடா வருடம் கேக் வெட்டுகிறவரின் பேச்சு இரண்டாவது வருடமே எடுபடாது. அது உங்களுக்கே தெரியும், இல்லாவிட்டால் இங்கே எழுதியிருக்க மாட்டீர்கள்.


பெஞ்சில்இருப்பவன் எழுதியது:

ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு இந்த இழையில் எழுதவே கூச்சமாக இருக்கிறது, எங்களுக்கு நாற்காலிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் மைக் எங்களிடமும் உண்டு. நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் "இது யார் பண்ணினது? பேசிக் சென்ஸ் இல்லையா?" என்று பெயரை டேக் செய்து போடுவார் லீட். தவறு அவருடையது என்று அடுத்த நாள் தெரிந்தால் அந்தத் தகவல் மட்டும் தனி மெசேஜில் வரும். குரூப்பில் ஏசிவிட்டுத் தனியாகச் சமாதானம் சொல்கிற இந்த வழக்கத்தை எந்தச் சட்டத்தில் சேர்ப்பது?


தூத்துக்குடிமச்சான் எழுதியது:

தம்பி, தனி இழை போடும். இது துணிக்கடை இழை.


பட்டுப்பாவு எழுதியது:

இருக்கட்டும் விடுங்கள், அவர் சொல்வதும் இதே நோய்தான்.


நெறியாளர்:

இரண்டு பதிவுகளில் கடைப் பெயர், ஒரு பதிவில் ஒருவரின் செல் எண் இருந்ததால் நீக்கியிருக்கிறேன். அனுபவத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம்.


பெரம்பூர்வாசி எழுதியது:

சங்கம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பழைய சேதி. 1918 ஏப்ரல் 27-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்வார்கள். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு இருவரும் போய், அன்னி பெசன்ட்டோடு இருந்த பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். பின்னி ஆலை ஆட்கள் அவரிடம் கொண்டுபோன குறைகளில் கூலி மட்டும் இல்லை. சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் போதவில்லை, மேலே இருப்பவர்கள் ஆளை ஆளாக நடத்துவதில்லை என்பதும் சேர்த்துத்தான். நூறு வருடம் கழித்தும் துணி சம்பந்தப்பட்ட இடத்திலேயே இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். முன்பு நெய்கிற இடம், இப்போது விற்கிற இடம்.


கல்லாப்பெட்டி எழுதியது:

எல்லாம் படித்தேன். 3 சதவீத விஷயம் எனக்குத் தெரியாது, என் ஆடிட்டரும் சொன்னதில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், பெரிய கடையையும் என்னையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே, நான் ஒரு பையனை ஏசினால் அன்று ராத்திரியே அவனோடு உட்கார்ந்து பரோட்டா சாப்பிடுவேன். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பணம் கொடுத்தது நான்தான், எந்த உள் குழுவும் கொடுக்கவில்லை. உரிமையோடு ரெண்டு வார்த்தை பேசக்கூடாதா?


முன்னாள்ஃப்ளோர் எழுதியது:

பேசலாம். அந்தப் பையனும் அதே உரிமையோடு உங்களிடம் திருப்பி ரெண்டு வார்த்தை பேசுவானா என்று மட்டும் யோசியுங்கள். பரோட்டா வாங்கித் தந்த காரணத்தாலேயே பேச மாட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த பணம் பெரிய உதவி, சந்தேகமே இல்லை. பெரிய கடைகளில் ஹாஸ்டல் பிள்ளைகளிடமும் இதே பேச்சுத்தான் ஓடும்: சோறு போடுகிறோம், தங்க இடம் கொடுக்கிறோம், குடும்பம் மாதிரி. அந்தக் குடும்பத்தில் அப்பாவுக்கு மட்டும்தான் மைக்.


கல்லாப்பெட்டி எழுதியது:

சரி, நீங்கள் பேசத் தெரிந்தவர். ஸ்டூல் போடுகிறேன், போன் நோண்டினால் எடுத்துவிடுவேன்.


கோழிக்கோட்டுத்தமிழன் எழுதியது:

போனை எடுங்கள், ஸ்டூலை எடுக்காதீர்கள். ரெண்டும் வேறு வேறு.


ரெண்டாம்மாடி எழுதியது:

இரண்டு நாளாக எழுத முடியவில்லை, முகூர்த்த சீசன். அதற்குள் இவ்வளவு பேச்சு ஓடியிருக்கிறது.

ஹாஸ்டல் பிள்ளைகளை இழுக்கவில்லை. வீட்டிலிருந்து வருகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர் பேசி வைத்திருக்கிறோம். முதலில் மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு கடிதம், அதற்குப் பதில் வரவில்லை என்றால் மேலே. கடிதத்தில் மூன்று விஷயம் மட்டும்: ஸ்டூல் கவுண்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும், பை சோதனை பின் வாசலில் மறைவாக, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்க வேண்டும், ஃபைன் பட்டியலை எழுதி ஒட்ட வேண்டும். மைக்கில் சொல்வதையும் "ஏ, வா" என்பதையும் எழுதலாமா என்றுதான் சண்டை. அக்கா எழுத வேண்டாம் என்கிறார். "என்னைச் சொல்லித்தான் எழுதுனதுன்னு தெரிஞ்சுபோயிரும்டீ" என்கிறார்.

இன்னொன்று, கையெழுத்துப் போட்டால் வேலையை விட்டு எடுக்க முடியுமா?


மனுஎழுதி எழுதியது:

ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் இல்லாமலும் எடுக்க முடியாது, கடைகள் சட்டத்தில் 41-ஆம் பிரிவு. எடுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எப்படி வெளியே வந்தாலும் கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று புதிய ஊதியத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன், அவர்கள் வேலையை விட்டு எடுக்க மாட்டார்கள், வேறு ஊர்க் கிளைக்கு மாற்றுவார்கள், அல்லது குடோனுக்கு. அதைத் தடுப்பது கஷ்டம். ஐந்து பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுங்கள், ஐந்து பேரையும் ஒரே வாரத்தில் மாற்றினால் அது பழிவாங்கல் என்று காட்டச் சுலபம். யார் கையெழுத்து முதலில் என்று தெரியாதபடி வட்டமாகப் போடலாம், பழைய சங்கத்து வழி.

மேலே என்றால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர், அமலாக்கப் பிரிவு. ஸ்டூல் புகாருக்கு அவர்தான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் அவரிடம்தான் வந்து சேரும், ஆனால் மனு எண் கிடைக்கும், பின்னால் உதவும். கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், கையில் கொடுத்தால் வாங்கவே இல்லை என்பார்கள்.

ஸ்டாக் ரூமில் அடுக்கியிருக்கிற ஸ்டூலைத் தேதியோடு போட்டோ எடுத்து வைத்திருக்கிறீர்களா?


மனிதவளக்காரி எழுதியது:

மைக் விஷயத்தை அக்கா பெயரே வராமல் எழுதலாம். "பணியாளர் குறித்த அறிவுறுத்தலை மைக்கில் அறிவிக்காமல் நேரில் சொல்ல வேண்டும், வயது பதவி பாராமல் எல்லோரையும் 'நீங்கள்' என்று அழைக்க வேண்டும்" என்று பொதுவாக ஒரு வரி. யாரையும் குற்றம் சாட்டாது. அதை நாலாவதாகச் சேருங்கள், விடாதீர்கள். சட்டத்தில் இல்லாததால் அவர்கள் மறுக்கலாம், மறுப்பதையும் அவர்கள் எழுத்தில் கொடுக்கட்டுமே.


ரெண்டாம்மாடி எழுதியது:

அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், அக்காவிடம் நாளைக்குப் படித்துக் காட்டுகிறேன். போட்டோவுக்குத்தான் சிக்கல், உள்ளே போகும்போது போனை லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்டாக் ரூம் சாவி ஒரு தம்பியிடம் இருக்கிறது, அவரிடம் பேசிப் பார்க்க வேண்டும்.